'இங்' படுத்திய பாடு

போன மாதம் நான் அசடு வழிந்த கதையை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் முழுக்கப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

பெண் ஒன்பதாவது படிக்கிறாள், பையன் ஆறாவது. பெண்ணின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். இவருக்கு லீவு கிடைக்கவில்லை. "நீயே போயிட்டு வாயேன், உனக்குத் தெரியாததா?" என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். நானோ மன்னார்குடிப் பக்கம் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள். அடையாறுக்குக் குடிவந்து பதினெட்டு வருஷமாகியும், இங்கிலீஷ் பேச வேண்டுமென்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இருந்தாலும் ஒரு ரோஷம். காந்தி நகரிலிருந்து நடந்து போன வழியெல்லாம் நாலு வாக்கியத்தை மனசுக்குள் உருப்போட்டுக்கொண்டே போனேன்.

டீச்சர் சின்னப் பெண், புதிதாக வந்தவள். வீட்டைப் பற்றி ஏதோ விசாரித்தாள். "ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்" என்றேன், கணீரென்று. அவள் பார்வை ஒரு நொடி என் வயிற்றுப் பக்கம் இறங்கி, சட்டென்று மேலே ஏறியது. பக்கத்தில் நின்ற இன்னொரு அம்மா கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் பெண்ணின் முகம் மட்டும் சிவந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும்போது வாயே திறக்கவில்லை அவள். தெருமுனைக்கு வந்ததும், "அடுத்த தடவை அப்பாவையே வரச் சொல்லும்மா" என்றாள். அவ்வளவுதான். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் மாடியில் ஒரு மாமி இருக்கிறார். முப்பது வருஷம் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மறுநாள் அவரிடம் போய், "மாமி, நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?" என்று கேட்டேன். மாமி கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அடி அசடே! 'எனக்கு ரெண்டு குழந்தை பொறக்கப் போறது'ன்னு சொல்லிட்டு வந்திருக்கே. 'ஐ ஹேவ் டூ சில்ட்ரன்'னு சொல்லணும்!"

நாற்பத்து நாலு வயதில் இரட்டைப் பிள்ளை! டீச்சர் ஏன் அப்படிப் பார்த்தாள் என்று அப்போதுதான் விளங்கிற்று.

இந்தத் தப்பு நமக்கு ஏன் வருகிறது என்பதையும் மாமி சொன்னார். தமிழில் 'வருகிறான்' என்ற ஒரே சொல் 'இப்போது வந்துகொண்டிருக்கிறான்' என்பதற்கும் ஆகும், 'தினமும் வருகிறான்' என்பதற்கும் ஆகும். நிகழ்காலத்துக்கு கிறு, கின்று, ஆநின்று என்று மூன்று இடைநிலைகளைத் தமிழய்யா உருப்போட வைத்தது நினைவிருக்கிறதா? 'கிறு'வைக் கண்ட இடத்திலெல்லாம் 'இங்' போட வேண்டும் என்று நாம் பள்ளிக்கூடத்திலேயே பழகிவிட்டோம். 'வருகிறது' என்றால் 'இஸ் கமிங்'. அப்படியானால் 'தெரிகிறது' என்றால் 'இஸ் நோயிங்'தானே? அங்கேதான் வழுக்கி விழுகிறோம்.

மாமி பழைய ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். அந்த ரென் துரை பம்பாயில் கல்வித் துறையில் வேலை பார்த்தவராம். 1924-இல் 'போ ஜெஸ்ட்' என்ற வீரசாகச நாவல் எழுதியதும் அவரேதானாம். இலக்கணம் எழுதுகிறவர் நாவலும் எழுதுவார் என்று யார் கண்டது! 'இங்' சேராத வினைகளுக்குப் புத்தகத்தில் ஒரு பட்டியலே இருக்கிறது. அது எனக்கு மண்டையில் ஏறவில்லை. மாமி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, சமையலறைக்கு வா" என்றார்.

"கத்திரிக்காய் நறுக்கறே. பாதியில கத்தியைக் கீழே வைக்க முடியுமா?"

"முடியும்."

"அப்ப 'ஐ ஆம் கட்டிங்'. எனக்குக் கத்திரிக்காய் பிடிக்கும்கறே. அதைப் பாதியில நிறுத்தி வைக்க முடியுமா?"

"அது எப்படி மாமி முடியும்?"

"அப்ப 'ஐ லைக்'. 'லைக்கிங்' கிடையாது."

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்டது இதைத்தான். பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி தொடரக்கூடிய வேலையா? 'இங்' போடலாம். தெரிவது, பிடிப்பது, வேண்டியிருப்பது, நம்புவது, சொந்தமாக வைத்திருப்பது, இவை மனசோடும் உடைமையோடும் சேர்ந்தவை. இவற்றுக்கு 'நோ', 'லைக்', 'நீட்', 'பிலீவ்', 'ஹேவ்' என்று மொட்டையாகவே வரும். ஆனால் 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரிதான். அங்கே 'ஹேவ்' என்றால் சாப்பிடுவது, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்திருக்கலாமே! 'திங்க்' என்பதும் அப்படியே. அபிப்பிராயம் என்றால் 'ஐ திங்க்'. உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தால் 'ஐ ஆம் திங்கிங்'.

என் பெண் விடுவாளா? "மெக்டொனால்ட்ஸ் கடைக்காரன் 'ஐ ஆம் லவிங் இட்'னு விளம்பரம் பண்றானே?" என்று மாமியை மடக்கினாள். 2003-இல் வந்த விளம்பரமாம் அது. "அவனுக்கு பர்கர் விக்கணும், உனக்கு மார்க் வாங்கணும்" என்றார் மாமி.

தினசரிப் பழக்கத்துக்கும் 'இங்' வேண்டாம். 'ஐ கெட் அப் அட் ஃபைவ்' என்றாலே தினமும் என்று அர்த்தம். நாம் தமிழில் இதற்கு 'அஞ்சு மணிக்கு எழுந்திருப்பேன்' என்று எதிர்காலத்தைப் போடுகிறோம், கவனித்திருக்கிறீர்களா? 1882 முதல் நம் அடையாறில்தான் தியாசாபிகல் சொசைட்டியின் தலைமையகம் இருக்கிறது. அங்கே வந்து தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் தமிழ் கற்றுக்கொண்டிருந்தாள். பூக்காரி "தினம் வருவேம்மா" என்றதும், "எந்தத் தேதியிலிருந்து?" என்று கேட்டாளே பார்க்கலாம்! அவர்கள் பாடும் திண்டாட்டம்தான் என்று எனக்கு அற்ப சந்தோஷம்.

டாக்டரிடம் போகும்போது இந்த வித்தியாசம் உதவும். மாமியாருக்கு ஐந்து நாளைக்கென்று கொடுத்த மாத்திரைக்கு 'ஷி இஸ் டேக்கிங்'. வருஷக் கணக்காகச் சாப்பிடும் பி.பி. மாத்திரைக்கு 'ஷி டேக்ஸ்'. தமிழில் சொல்வதானாலும் 'மாத்திரை சாப்பிடறாங்க' என்று நிறுத்திவிடாமல், எத்தனை நாளாக என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

மும்பைக் கவிஞர் நிஸ்ஸிம் எசக்கியேல் நம் 'இங்' மோகத்தை வைத்து ஒரு கவிதையே எழுதியிருக்கிறார். 'குட்பை பார்ட்டி ஃபார் மிஸ் புஷ்பா டி.எஸ்.' என்று பெயர். வெளிநாடு கிளம்பும் பெண்ணுக்கு ஒருவர் பிரிவுபசாரம் பேசுகிறார், வாக்கியத்துக்கு வாக்கியம் 'இங்'. மாமி படித்துக் காட்டியபோது முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. பேசுகிறவர் என்னவோ மனசு நிறையத்தான் பேசுகிறார். என்னைப் பார்த்து அந்த அம்மா கர்ச்சீப்பால் வாயைப் பொத்தியது ஞாபகம் வந்தது.

இப்போது தினம் பத்து நிமிஷம் அடுப்படியிலேயே பாடம். 'ஐ ஆம் வாஷிங் தி ரைஸ்', 'தி மில்க் இஸ் பாயிலிங்' என்று சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே வேலை செய்கிறேன். ஒரு நாள் சொல்வதிலேயே கவனமாக இருந்து பால் பொங்கி வழிந்தது தனிக் கதை. முதலில் காதைப் பொத்திக்கொண்ட என் பெண், இப்போது கூடத்திலிருந்தே திருத்துகிறாள்.

நாளைக்கு மறுபடி பெற்றோர் கூட்டம். ராத்திரி சாப்பிடும்போது, "யாரும்மா வரப்போறது?" என்று கேட்டாள்.

"ஐ ஆம் கமிங் டுமாரோ" என்றேன். முடிவு செய்துவிட்ட காரியம் நாளைக்கே நடப்பதாக இருந்தாலும் 'இங்' போடலாம். நாமும் 'நாளைக்கு வர்றேன்' என்றுதானே சொல்கிறோம்?

தட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமலிருந்தாள். அப்புறம், "அந்த நீலப் புடவையைக் கட்டிக்கோம்மா" என்றாள்.