சேர்வர் பாஸ்வேர்ட் யாருடைய கையில்?

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய மாணவர் சங்கங்களில் இருப்பவர்களும், வெளிநாட்டிலிருந்து ஊர்ப் பாடசாலைக்குக் கணினி வாங்கித் தர நினைப்பவர்களும் தயவுசெய்து முழுவதும் வாசியுங்கள்.

2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. எங்கள் கணினி அறைகளில் கிடக்கும் பழைய இயந்திரங்கள் விண்டோஸ் 11ஐ ஏற்காது. அதனால் இப்போது எல்லாப் பக்கமிருந்தும் ஒரே யோசனைதான் வருகிறது. "பழசை எறிய வேண்டாம். நல்ல சேர்வர் ஒன்று வாங்குவம், மிச்சத்தைத் தின் கிளையன்ட் ஆக்குவம், லினக்ஸ் இலவசம்தானே." நல்ல யோசனைதான். தீவகத்தில் படிப்பிக்கும் நாங்கள் அதற்கு எதிரானவர்கள் இல்லை. ஆனால் சேர்வரின் நிர்வாகப் பாஸ்வேர்ட்டையும், அது எப்படி நிறுவப்பட்டது என்று எழுதிய தாளையும் பாடசாலையிடம் தர மனமில்லாதவர்கள், அந்தச் சேர்வரைக் குறிகட்டுவானில் படகு ஏற்ற வேண்டாம்.

ஏன் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறோம்? தின் கிளையன்ட் அறையில் பிள்ளையின் மேசையில் இருக்கும் கணினிக்குச் சொந்தமாக வன்தட்டு தேவையில்லை. சுவிட்சைப் போட்டதும் அது வலையமைப்பில் "எனக்கு ஒரு முகவரி தாருங்கள், எதிலிருந்து தொடங்குவது என்றும் சொல்லுங்கள்" என்று கேட்கும். சேர்வர் முகவரியைக் கொடுத்து, கேர்னலை அனுப்பி, பிறகு முழுப் பணிசெயல் முறைமையையும் ஒரு இமேஜாகக் காட்டும். இருபது வீட்டுக்கு ஒரே நன்னீர்க் கிணறு மாதிரி. நெடுந்தீவுக்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கிணறு பழுதானால் இருபது வீடும் தாகத்தில். அந்தக் கிணற்றின் மூடிக்குப் பூட்டுப் போட்டு, திறப்பைக் கடலுக்கு அப்பால் கொண்டுபோனால் என்ன செய்வது?

நாங்கள் கண்டது இதுதான். பெயர் வேண்டாம். ஒரு பாடசாலை, ஒரு நிறுவனம், இருபது கணினி. விடுமுறையில் தூரத்திலிருந்தே சேர்வரை அப்கிரேட் செய்தார்கள். எங்களுக்கு ஒரு சொல்லும் இல்லை. தவணை தொடங்கிய நாள் இருபது திரையும் கறுப்பு. தொலைபேசி எடுத்தால் "வாறம் சேர்". கடல் கொந்தளிப்பு, பிறகு வாகனம் இல்லை, பிறகு வேறு வேலை. மூன்று கிழமை கழித்து ஒரு தம்பி வந்தார். நாலு கட்டளை அடித்தார். எல்லாம் எழும்பியது. என்ன அடித்தீர்கள் என்று கேட்டோம். "அது உங்களுக்கு விளங்காது சேர்." உயர்தரப் பிள்ளைகளுக்குப் பைதன் படிப்பிக்கிறவர்களுக்கு நாலு கட்டளை விளங்காதாம்! போக்குவரத்துச் செலவோடு பில் மட்டும் நன்றாக விளங்கியது.

அந்த நாலு கட்டளையில் இரகசியம் ஒன்றும் இல்லை. பாடசாலைகளில் அதிகம் போடுவது எல்டிஎஸ்பி. அதில் சேர்வரை அப்டேட் செய்தால் கிளையன்ட்கள் தாமாக அப்டேட் ஆகாது. புதிதாக இமேஜ் கட்ட வேண்டும், அந்த இமேஜில் இருக்கும் கேர்னலை எடுத்து வைக்க வேண்டும், பிறகு இனிட்ஆர்டி கோப்பைத் திரும்ப உருவாக்க வேண்டும். மூன்றுக்கும் தனித்தனிக் கட்டளை, ஒவ்வொன்றும் ஒரு வரி. இமேஜை மட்டும் புதுப்பித்துக் கேர்னலை மறந்தால், பழைய கேர்னல் புதிய இமேஜுக்குள் தன்னுடைய மொடியூல்களைத் தேடும். அவை அங்கே இருக்காது. கிளையன்ட் பாதி வழியில் நின்றுவிடும். இனிட்ஆர்டியை மறந்தால் வேறு விதம். உள்நுழையும் திரை அழகாக வரும், ஆனால் புதிதாகச் சேர்த்த மாணவரின் பெயரை அது ஏற்காது. சேர்வரையே திரும்ப நிறுவியிருந்தால் அதன் சாவிக் குறியீடும் மாறியிருக்கும், ஒருவராலும் நுழைய முடியாது. "பிள்ளையள் பாஸ்வேர்ட்டை மறந்திட்டினம்" என்று பழியைப் பிள்ளைகள் மேல் போடுவார்கள்.

திரையே எழும்பாவிட்டால், கறுப்புத் திரையின் கடைசி வரியைப் பாருங்கள். பிஎக்ஸ்இ-ஈ53 என்றால், எந்தக் கோப்பிலிருந்து தொடங்குவது என்று கிளையன்டுக்கு யாரும் சொல்லவில்லை. முகவரி இணைய ரவுட்டரிடமிருந்து வந்திருக்கும், சேர்வர் வாய் திறந்திருக்காது. பிஎக்ஸ்இ-ஈ32 என்றால் கோப்பின் பெயர் தெரியும், ஆனால் கேட்டதற்குப் பதில் இல்லை. அப்கிரேட்டுக்குப் பிறகு ஃபயர்வோல் குறுக்கே நிற்கிறதா, கோப்பு அனுப்பும் சேவை ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். நன்கொடையாக வந்த புதிய கணினி மட்டும் எழும்பாமல் பழையது எழும்பினால் அநேகமாகச் செக்கியூர் பூட், அல்லது யூஇஎஃப்ஐக்குரிய கோப்பு இல்லை. பயோஸ் கணினிக்கும் யூஇஎஃப்ஐ கணினிக்கும் கொடுக்க வேண்டிய கோப்பு வேறு வேறு.

அப்கிரேட்டின் நடுவில் கரண்ட் போனால் பயப்படுகிறார்கள். பாதியில் நின்ற பொதிகளை முடித்து வைக்க ஒரு கட்டளை இருக்கிறது. ஆனால் அதை அடிக்கவும் அந்தப் பாஸ்வேர்ட் வேண்டும்.

தமிழ்த் தட்டச்சையும் சொல்ல வேண்டும். இமேஜைப் புதிதாகக் கட்டும்போது ஐபஸ்ஸோடு வரும் எம்17என் பொதியைச் சேர்க்காவிட்டால் ரெங்கநாதன் விசைப்பலகை காணாமல் போகும். ஆங்கிலத்தில் எல்லாம் ஓடும். நிறுவியவரின் பார்வையில் வேலை முடிந்தது. தமிழில் ஒரு பந்தி அடிக்க முடியாமல் பிள்ளை இருப்பது அவருடைய பட்டியலில் இல்லை.

"பழைய பதிப்புத்தான் பிரச்சினை, புதுசு போட்டால் சரி" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்டிஎஸ்பி 1999இல் ஜிம் மெக்குயிலன் தொடங்கியது. 2019இல் அதை முழுதாகத் திரும்ப எழுதினார்கள். அப்படி எழுதிய அல்கிஸ் ஜோர்ஜோபுலோஸ் கிரேக்கப் பாடசாலைகளின் கணினி அறைகளுக்காகப் பல வருடம் உழைத்தவர். நல்ல வேலை. ஆனால் பழைய 5ஆம் பதிப்பின் அமைப்புக் கோப்பு புதியதில் செல்லாது. முன்பு எல்லா வேலையையும் சேர்வர் செய்தது, பிள்ளையின் கணினி வெறும் திரை. புதியதில் இயல்பாகவே அந்தக் கணினி தன் சொந்த நினைவகத்தில், தன் சொந்த முறைவழியாக்கியில் ஓட வேண்டும். 256 எம்பி நினைவகத்தோடு ஓடிய இயந்திரம் ஒரே இரவில் இரும்பு. 32 பிட் கணினிக்கு உபுண்டு 20.04இலிருந்து பதிப்பே இல்லை. இதையெல்லாம் பார்க்காமல் "அப்கிரேட்" என்ற பொத்தானை அமத்துகிறவரை நாங்கள் தொழில்நுட்பவியலாளர் என்று சொல்ல மாட்டோம். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் 5 வருடம் பாதுகாப்பு அப்டேட் வருகிறது. தவணை நடுவில் என்ன அவசரம்?

"ஆசிரியர் கையில் கொடுத்தால் உடைத்துவிடுவார்" என்கிறார்கள். கேரளாவைப் பாருங்கள். 2001இல் ஐடி அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியது, 2017இலிருந்து கைட் என்ற பெயரில் நடக்கிறது. அங்கே தின் கிளையன்ட் அல்ல, தனித்தனிக் கணினிதான். ஆனால் லினக்ஸ் நிறுவுவதும் அறையைப் பராமரிப்பதும் பயிற்சி பெற்ற பாடசாலை ஆசிரியர்களின் பொறுப்பு. அவர்களுக்கு முடிந்தது எங்களுக்கு ஏன் முடியாது?

"ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விடுவார்" என்பது இன்னொரு சாட்டு. இது உண்மை. தீவகத்தில் யார்தான் நிலைத்து நிற்கிறார்கள்? அதனால்தான் எழுதி வைக்கச் சொல்கிறோம். கணினி, யூபிஎஸ், கதிரை வரை இருப்புப் பதிவேட்டில் இருக்கிறது. பாஸ்வேர்ட் மட்டும் ஒரு தம்பியின் தொலைபேசியில் இருக்கிறது. அதை உறையில் போட்டு ஒட்டி அதிபரின் அலுமாரியில் வையுங்கள். எந்தப் பதிப்பு, என்ன கட்டளை, எந்தத் திகதி என்பதை ஒரு சீஆர் கொப்பியில் எழுதுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் இமேஜின் பிரதி ஒன்று வெளி வன்தட்டில் இருக்கட்டும். அப்கிரேட் தவறினால் பழையதைத் திரும்ப வைத்துவிட்டு அடுத்த நாள் பாடம் எடுக்கலாம். இருபது கணினிக்குக் காசு சேர்த்த சங்கத்துக்கு ஒரு வன்தட்டு பெரிய செலவா?

நன்கொடை தரும் உறவுகளே, ரிப்பன் வெட்டும் படத்தோடு இன்னொரு படமும் கேளுங்கள். நிறுவியவர் அருகில் நிற்க, பாடசாலையின் ஆசிரியர் ஒருவரே சேர்வரை நிறுத்தி, இமேஜைத் திரும்பக் கட்டி, ஒரு கிளையன்டை எழுப்பிக் காட்டட்டும். அது நடந்த பிறகு மிச்சக் காசைக் கொடுங்கள்.

வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவுப் பக்கம் கணினி அறை படுத்துக் கிடக்கும் ஆசிரியர்கள் கீழே எழுதுங்கள். "வேலை செய்யுதில்லை" என்று மட்டும் எழுதாமல் திரையைப் படம் எடுத்துப் போடுங்கள், கடைசி வரி தெளிவாகத் தெரிய வேண்டும். இன்ஷா அல்லாஹ், இரவு இஷாவுக்குப் பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம்.