தாயின் நோவும் நம் கடமையும்

தோழர்களே! மகப்பேற்று விடுதிப் பேச்சு நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. நம்முள் பலர் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்ட பிள்ளைகள்தாம். 2019–21ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூறு பேறுகளில் ஏறத்தாழ 45, கருநாடகத்தில் 31க்கு மேல், சிசேரியன் அறுவையால் நிகழ்ந்தவை. இத்தனை தாய்மாரும் தையல் இழுக்குமோ என்றஞ்சி இருமவும் மாட்டாமல், பக்கத்தில் அழும் பச்சிளங் குழந்தையைத் தூக்கவும் மாட்டாமல் கிடக்கின்றனர். ஊரோ, "பிள்ளை பெற்றவள் நோகாமல் இருப்பாளா?" என்கிறது. குடல்வால் அறுவை முடிந்து படுத்திருக்கும் ஆண்மகனைப் பார்த்து எவரேனும் இப்படிக் கேட்டதுண்டா?

அறுவைக்காக முதுகில் போடும் ஊசி மரக்கச் செய்வது சில மணி நேரமே. அதன் பின்னர் என்ன? இதற்குத்தான் இன்று விடையிருக்கிறது. வயிற்றின் பக்கச் சுவரில் மூன்று தசைப் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் அமைந்துள்ளன. உள்ளிருக்கும் இரண்டிற்கும் நடுவேதான் கீறிய இடத்து வலியைச் சுமந்து செல்லும் நரம்புகள் ஓடுகின்றன. அங்கே மருந்தைச் செலுத்தி அவற்றை மரக்கச் செய்யலாம் என்று 2001இல் ராஃபி என்னும் மருத்துவர் எழுதினார். 2008இல் அயர்லாந்து மருத்துவர் மெக்டானலும் குழுவினரும் சிசேரியன் முடிந்த தாய்மாரிடம் இதை ஆய்ந்து, மார்ஃபின் தேவை பெரிதும் குறைவதைக் காட்டினர். இப்போது ஸ்கேன் கருவியில் ஊசிமுனையைப் பார்த்தபடியே, இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்றாகப் போடுகின்றனர். தாய் தெளிவோடு விழித்திருந்து பாலூட்டுவாள்.

நான் இதை மந்திரக்கோலாக்கவில்லை. கருப்பை சுருங்கும் உள்வலியை இது தொடாது. முதுகு ஊசியிலேயே மார்ஃபினும் சேர்ந்திருந்தால் இதனால் வரும் கூடுதல் பயன் சிறிதே. அளவு மிஞ்சினால் மருந்தே நஞ்சாம். ஆனால் மார்ஃபின் நம் நாட்டில் எளிதில் கிட்டும் பொருளா? 1985ஆம் ஆண்டுப் போதைமருந்துச் சட்டம் அதை மருத்துவமனைக்கே எட்டாததாக்கிற்று. 2014இல் திருத்தம் வந்தும் தயக்கம் முற்றும் நீங்கவில்லை. ஆகவேதான் இந்த ஊசி அயர்லாந்தைவிட இங்கே மிகுதியும் வேண்டப்படுகிறது என்கிறேன்.

1935 முதல் பெங்களூரில் ஏழைத் தாய்மாரின் புகலிடமாய் நிற்கும் வாணி விலாஸ் மருத்துவமனைக்கு வருபவளுக்கும், பணம் கட்டித் தனியறையில் படுத்திருப்பவளுக்கும் நரம்பு ஒன்றுதானே! இச்சிகிச்சை வசதியுள்ளோர்க்கு மட்டும் என்றாகிவிடக்கூடாது. அரசு மருத்துவமனைகள் யாவற்றிலும் மயக்க மருத்துவரும் ஸ்கேன் கருவியும் இரவிலும் இருக்கவேண்டும். அதைக் கேட்க நமக்கு உரிமையுண்டு.

இந்நகரில் ஒரு வசதி: நமக்கும் கன்னடச் செவிலிக்கும் 'நோவு' ஒரே சொல். ஆனால் மாமியார் அருகே நிற்கையில் அச்சொல்லைச் சொல்லத் தாய் நாணுகிறாள். எனவே மருத்துவம் பயிலும் தோழர்கள், நாடித் துடிப்பை எழுதும் தாளிலேயே வலி எவ்வளவு என்றும் கேட்டு எழுதுங்கள். மற்றவர்கள், அக்காளோ அண்ணியோ அறுவைக்குப் போகும் முன்பே, "வலிக்கு என்ன செய்வீர்கள், ஐயா?" என்று மயக்க மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.