நிலத்தைப் பூட்டி வைத்துவிட்டு ஆக்கிரமிப்பு என்றால் எப்படி?

போன வாரம் நம்மூர்க்காரர் ஒருவர் என் மேஜைக்கு வந்தார். விழுப்புரம் பக்கம் சொந்த ஊராம். சங்கம் விஹாரில் 50 கஜத்தில் இரண்டு மாடி. பெண்ணின் படிப்புக்கு வீட்டை வைத்துக் கடன் வேண்டும். பிளாஸ்டிக் கவரில் கரண்ட் பில், ஒரு ஜிபிஏ, ஒரு உயில்.

"கிரயப் பத்திரம் இருக்கா?"

"இதான் சார் பத்திரம். இருபத்திரண்டு வருஷமா குடியிருக்கோம்."

ஜிபிஏ மூலம் விற்பது விற்பனையே ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் சொல்லிவிட்டது. அங்கீகாரமில்லாத காலனிகளுக்காக 2019-ல் தனிச் சட்டம் வந்தது. 1,731 காலனிகள் அந்தப் பட்டியலில். இவரும் விண்ணப்பிக்கப் பார்த்திருக்கிறார். ஆனால் இவருக்கு விற்றவர் தான் வாங்கிய காகிதத்தைத் தொலைத்துவிட்டாராம். நான் கையை விரித்தேன். வெளியே மூணு வட்டிக்கு வாங்கப் போகிறார். வருடத்துக்கு 36 சதவீதம் என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அது தெரியாமல் இல்லை.

அன்று மாலை துவாரகாவில் நண்பர் வீட்டில் இதைச் சொன்னால், "அனுமதி இல்லாத இடத்துல எதுக்கு வாங்கணும்?" என்கிறார். இந்தக் கேள்விதான் எனக்கு எரிச்சல். அனுமதியுள்ள இடம் எங்கே இருந்தது சார்?

டில்லியில் நிலம் யார் கையில் இருந்தது என்று பாருங்கள். 1957-ல் டிடிஏ வந்தது. 1961 முதல் விவசாய நிலத்தை மொத்தமாகக் கையகப்படுத்தி, சீர்படுத்தி, விற்கும் வேலை பெரும்பாலும் அதனிடமே. ஒரே கடை, அந்தக் கடையில் சரக்கு இல்லையென்றால் வாங்க வந்தவன் என்ன செய்வான்? 1961-ல் 26 லட்சம் சொச்சம் இருந்த ஜனத்தொகை 2011-ல் 1.68 கோடி. வந்தவர்கள் மரத்திலா தூங்குவார்கள்? ரோகிணியில் மனைக்கு 1981-ல் பணம் கட்டியவர்களில் பலர் முப்பது வருடம் காத்திருந்தார்கள். எங்கள் கிளையில் பிக்சட் டெபாசிட் முதிர்வு ஒரு நாள் தள்ளினாலே சண்டைக்கு வருகிற ஜனம்!

திட்டமாவது நேரத்துக்கு வந்ததா? 2001 வரைக்குமான மாஸ்டர் பிளான் அறிவிக்கப்பட்டது 1990-ல். 2021 வரைக்குமானது 2007-ல். இருபது வருடத் திட்டத்தில் முதல் ஆறு, ஒன்பது வருடங்கள் காற்றோடு போச்சு. பட்ஜெட்டை டிசம்பரில் போட்டால் நாம் சும்மா இருப்போமா?

2018-ல் நிலத் தொகுப்புக் கொள்கை வந்தது. விவசாயிகள் நிலத்தைச் சேர்த்துக் கொடுத்தால் 60 சதவீதம் அவர்களுக்கு, 40 சதவீதம் சாலைக்கும் குழாய்க்கும். 17 லட்சம் வீடுகள் என்றார்கள். நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு செக்டாரில் 70 சதவீதம் நிலம் தொடர்ச்சியாகச் சேர்ந்தாக வேண்டும். நடுவில் பத்து பேர் பங்காளிச் சண்டையில் இருந்தால் மற்றவர்களும் சும்மா உட்கார வேண்டியதுதான்.

இன்னொரு பக்கம், "நரேலாவில் வீடுகள் காலியாகக் கிடக்கிறதே" என்பார்கள். 2014 குலுக்கலில் கிடைத்த வீட்டைப் பலர் திருப்பிக் கொடுத்தார்கள், 2017-ல் அவற்றையே மறுபடி குலுக்கினார்கள். பாத்திரம் தேய்க்கப் போகும் வீடுகள் ஜங்புராவில், குடியிருப்பு நகரத்தின் வடகோடியில் என்றால் யார் போவார்கள்? 2025 ஜூன் 1 அன்று ஜங்புராவில் மதராசி கேம்ப்பை இடித்தார்களே, அங்கே இருந்தவர்கள் நம் ஜனம். 370 வீடுகளில் 189-க்குத்தான் முதலில் மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள். அதுவும் நரேலாவில். பஸ் செலவைக் கழித்தால் சம்பளத்தில் என்ன மிஞ்சும்? கழித்தல் கணக்குத்தான், பி.காம். கூட வேண்டாம்.

நிலத்தைக் கணக்கிடும்போது ஏக்கரை மட்டும் எண்ணாமல், வேலையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதையும் எண்ண வேண்டும். நகரத்துக்குள்ளேயே ஏக்கர் கணக்கில் பங்களாக்களை வைத்துக்கொண்டு எல்லையில் இடம் தேடுவது எந்த ஊர் நியாயம்?

நான் யோக்கியன் என்று சொல்லவில்லை. மயூர் விஹாரில் டிடிஏ பிளாட்டைப் பழைய விலைக்கு வாங்கியவன். தட்டுப்பாட்டால் என் வீட்டு மதிப்பு ஏறுகிறது, உங்களுக்கும்தான். மெட்ரோ பாதையை ஒட்டி மாடிகளை உயர்த்தலாம் என்று 2041-க்கான வரைவு 2021-ல் கருத்துக்கு வந்தபோது நம் சொசைட்டிகளிலிருந்து என்ன எழுதினோம்? எங்கள் சொசைட்டியில் பார்க்கிங் போய்விடும் என்று எழுதினோம். நானும் கையெழுத்துப் போட்டேன்.