வெளிநாட்டில் ஹோலி: தேதி மாறலாம், தீயும் பொடியும் சேரலாமா?

2024இல் ஹோலி மார்ச் 25, திங்கட்கிழமை. 2025இல் மார்ச் 14, வெள்ளிக்கிழமை. வட மாநிலங்களில் அன்று லீவு. டொரண்டோவிலோ பெர்லினிலோ இருப்பவர்களுக்கு அது வேலைநாள், போதாக்குறைக்குக் குளிர் வேறு. அதனால் ஹால் கிடைக்கிற சனிக்கிழமைக்குப் பண்டிகையைத் தள்ளி வைக்கிறார்கள். சில ஊர்களில் ஏப்ரல் வரைக்கும்கூட இழுக்கும். "இதெல்லாம் ஒரு ஹோலியா?" என்று ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் கேலி செய்வதும் உண்டு.

தேதி தள்ளிப்போவதில் ஒரு தப்பும் இல்லை என்பேன். 1838 முதல் 1917 வரை கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகக் கல்கத்தாவில் கப்பல் ஏறி கயானா போனவர்களில் பெரும்பாலானோர் போஜ்புரி பேசும் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்கள் வம்சாவளி இன்றைக்கும் ஹோலியை 'பக்வா' என்று கொண்டாடுகிறது. கயானாவிலும் சுரிநாமிலும் அது அரசு விடுமுறை. வசந்த பஞ்சமியில் ஆமணக்குச் செடி நட்டு, அன்றிலிருந்து ஏறக்குறைய 40 நாள் 'சௌதால்' பாட்டு. எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து பாடுவார்கள். டோலக் வேகமெடுக்க, குரலும் கூடவே ஏறும். அவர்களில் நியூயார்க்கின் ரிச்மண்ட் ஹில்லுக்குக் குடிபெயர்ந்தவர்கள் பக்வா ஊர்வலத்தை வார இறுதியில்தான் நடத்துகிறார்கள். பண்டிகை ஒன்றும் கெட்டுப்போகவில்லையே!

எனக்கு உறுத்துவது வேறு விஷயம். ஹோலி என்பது இரண்டு நாள் சமாச்சாரம். முதல் நாள் ராத்திரி திறந்தவெளியில் ஹோலிகா எரிப்பு, மறுநாள் காலையில் வண்ணம். (நம்ம ஊரில் அதே பருவத்தில் காமனை எரித்து, எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று லாவணி பாடுவார்கள். அங்கே தீ மட்டும்தான், வண்ணப்பொடி கிடையாது.) நாலு மணி நேர ஹால் வாடகைக்குள் இரண்டு நாளையும் அடக்கப் பார்த்தால் என்ன ஆகும்? ஒரு மூலையில் விளக்கு, இன்னொரு மூலையில் கேட்டரிங்காரர் அடுப்பு, நடுவில் வண்ணப்பொடி. குளிரில் தண்ணீர் ஊற்ற முடியாதே! அதனால் இன்னும் நாலு பாக்கெட் பொடி சேர்த்து வாங்குவார்கள்.

பாக்கெட்டில் வருகிற கலர் பொடி பெரும்பாலும் சாயம் கலந்த சோளமாவு. கிண்ணத்தில் குவிந்து கிடக்கும்போது அது சுலபத்தில் தீப்பிடிக்காது. காற்றில் மேகமாகப் பறக்கும்போது கதையே வேறு. ஒவ்வொரு துகளைச் சுற்றியும் காற்று இருப்பதால், ஒரு பொறி பட்டால் அத்தனையும் ஒரே நொடியில் பற்றும்.

2015 ஜூன் 27 அன்று தைவானில், நியூ தைபேயின் ஒரு தண்ணீர்ப் பூங்காவில் அதுதான் நடந்தது. அது ஹோலி அல்ல. ஹோலியைப் பார்த்து உலகமெங்கும் பரவிய வண்ணப்பொடி பார்ட்டிகளில் ஒன்று. மேடையிலிருந்து பீய்ச்சிய பொடி தீப்பற்றி, 15 பேர் இறந்தார்கள். சுமார் 500 பேருக்குத் தீக்காயம். இத்தனைக்கும் அது திறந்தவெளி. கதவு சாத்திய ஹாலை நினைத்துப் பாருங்கள்.

ஹோலியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் ஹோலியை எட்ட நின்று பார்த்தவர்கள்கூட, வெளிநாட்டில் பக்கத்து வீட்டு பீகார் குடும்பம் கூப்பிட்டதால் முதல்முறை கன்னத்தில் வண்ணம் பூசிக்கொள்கிறார்கள். அந்த நட்பு நல்லது. கையால் கன்னத்தில் பூசுவதில் ஆபத்து அநேகமாக இல்லை. திருகினால் பொடி சீறுகிற குழாய்களும், கூட்டமாகச் சேர்ந்து 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று மேலே எறிவதும்தான் வினை. எறிந்தே ஆகவேண்டும் என்றால் வெயில் வரட்டும், மே மாதம் மைதானத்தில் வைத்துக்கொள்ளலாம். அங்கேயும் பார்பிக்யூ அடுப்பும் சிகரெட்டும் தள்ளி இருக்கட்டும்.

டிக்கெட் வாங்கும்போது பார்க்கிங் எங்கே, சாப்பாடு என்ன என்று கேட்கிறோம் இல்லையா? பொடியை எங்கே எறிவீங்க, விளக்கு எங்கே ஏத்துவீங்க என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே ஹால்தான் என்று பதில் வந்தால், குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.