ஓடினால் போதாது, நிற்க வேண்டும்

எங்கள் வீட்டுப் பின்புறத்தில் பதினெட்டு ஆண்டுகளாக ஒரு லோரி நின்றது. பெட்ஃபோர்ட் டிகே. அப்பா அதை 1974-ல் பழைய வண்டியாக வாங்கினார். போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயர் மாறிப் போர்ட் கிள்ளான் ஆகி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. தோட்டங்களிலிருந்து ரப்பர் கட்டுகளை ஏற்றித் துறைமுகக் கோடாங்கில் இறக்குவது அவர் தொழில். பிறகு எல்லாம் கண்டெய்னருக்கு மாறியது. அதை இழுக்கும் பெரிய வண்டி வாங்க அப்பாவிடம் பணமில்லை. செங்கல், மணல் என்று ஏற்றிக் காலத்தை ஓட்டினார்.

அப்பா போனபின், பழைய இரும்பு வாங்குபவர்கள் வேலியோரம் வந்து விலை கேட்பார்கள். அம்மா இருந்தவரை கொடுக்கவில்லை. அம்மாவும் போனபிறகு, கொடுப்பதா ஓட்டுவதா என்று நான்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. கூப்பிட்டேன் என் நண்பனை.

தமிழ்ப்பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். பதினான்கு வயதில் ஒரு சீனர் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கப் போய், ஃபோர்மனாக ஓய்வு பெற்றவன். வந்தான், வண்டியைச் சுற்றி நடந்தான், இரும்பைத் தட்டிப் பார்த்தான். “கடல் காத்து கேபினைத்தான்டா தின்னிருக்கு. சேசிஸ் நல்லா இருக்கு” என்றான். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் வேலை.

டிகே லோரிக்கு முன்னால் மூக்கு கிடையாது. எஞ்சின் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருக்கும். அப்பாவின் சட்டை முதுகுப்பக்கம் எப்போதும் ஏன் நனைந்திருந்தது என்பது, அந்தப் பக்கவாட்டு மூடியைத் திறந்த அன்றுதான் எனக்குப் புரிந்தது. எஞ்சின் இறுகிப் போயிருந்தது. இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஆறு சிலிண்டருக்குள்ளும் டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றினான். “பத்து நாள் தொடாதே” என்றான். பதினோராம் நாள் நீளமான இரும்புக் கம்பியைப் போட்டு இருவரும் சேர்ந்து தள்ளினோம். முதலில் ஒரு விரல் அளவு அசைந்தது. பிறகு ஒரு முழுச் சுற்று. டீசல் தொட்டியிலிருந்து துருவும் சேறும் ஒரு வாளி எடுத்தோம். குழாயில் அடைத்திருந்த காற்றை ஒவ்வொரு இடமாக வெளியேற்றினோம். மூன்றாம் மாதம், வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு எஞ்சின் பிடித்தது. பக்கத்து வீட்டு மாக்சிக்கூட ஓடி வந்து கை தட்டினார்.

அங்கேதான் நான் தவறு செய்தேன். அடுத்த மாதம் எங்கள் வட்டாரக் கோயில் திருவிழா. சாமி ஊர்வலத்துக்கு எங்கள் லோரிதான் என்று, நண்பனைக் கேட்காமலேயே நிர்வாகத்தாரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

“முடியாது” என்றான்.

“கோயில் தெருதானேடா. நடக்கிற வேகம்தானே.”

“நடக்கிற வேகம்னா முன்னால பிள்ளைங்க நடப்பாங்க. வண்டிக்குச் சாலை வரி இல்ல, காப்புறுதி இல்ல. எல்லாத்துக்கும் மேல, பிரேக்கை இன்னும் நான் தொடவே இல்ல.”

எனக்குக் கோபம். மூன்று ஞாயிறு அவனை அழைக்கவில்லை. திருவிழாவுக்கு வாடகை லோரி வந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. நாலாவது ஞாயிறு அவனே வந்தான். தேத்தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு சொன்னான்.

அவன் இளைஞனாக இருந்தபோது, தீபாவளி நெருக்கத்தில் ஒரு லோரி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. ஒரு சக்கரத்தில் பிரேக் எண்ணெய் ஒழுகியது. சாமான் கிடைக்க இரண்டு நாளாகும். சரக்கு காத்திருக்கிறது என்று வண்டிக்காரர் அவசரப்படுத்தினார். இவன் அந்தச் சக்கரத்துக்குப் போகும் குழாயை மட்டும் நசுக்கி அடைத்து, மற்ற மூன்று சக்கர பிரேக்கோடு அனுப்பிவிட்டான். அன்று மாலை ஒரு இறக்கத்தில் வண்டி நிற்கவில்லை. கெலிண்டான் பையனுக்கு ஒரு கால் போனது.

“போலீஸ் என்னைக் கேட்கவே இல்ல. முதலாளியும் கேட்கல. அந்தப் பையன் என்னைக் கடையில பார்த்தா இன்னமும் ‘அண்ணே’ன்னுதான் கூப்பிடுறான். அவனுக்குத் தெரியாது.”

ஐம்பது வருட நட்பில் இதை அவன் என்னிடம் சொன்னதில்லை. நான் பதில் சொல்லவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு வந்து ஜாக்கைப் பிடித்தேன்.

நாலு சக்கரமும் கழற்றினோம். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கும். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதக்கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும் என்றான். சிலிண்டர்களுக்குள் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. பதினெட்டு வருட ஈரம் உள்ளே துருவாகி, ரப்பர் மூடிகள் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தன. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. மிதித்தால் மிதி நன்றாகத்தான் இருந்தது. திருவிழா நாளில் எத்தனையாவது மிதியில் அது கைவிட்டிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

சிலிண்டர், ரப்பர், குழாய் எல்லாம் புதிது. எஞ்சினுக்கு ஆனதைவிட அதிகச் செலவு. சாயம் இன்னும் அடிக்கவில்லை, பணமில்லை.

போன வாரம் வீட்டு வளாகத்துக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தோம். நண்பன் தரையில் ஒரு காலிச் சாய டின்னை வைத்தான். “அதைத் தொடாம நிறுத்து” என்றான். மிதித்தேன். டின்னுக்கு ஒரு முழம் முன்னால் அப்பாவின் லோரி நின்றது. அவன் குனிந்து நாலு சக்கரத்தின் உட்பக்கத்தையும் விளக்கடித்துப் பார்த்தான். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பிறகுதான் சிரித்தான்.

இனிப் பதிவு, பரிசோதனை என்று அலைச்சல் இருக்கிறது. அடுத்த திருவிழாவுக்கு முடிந்தால் பார்க்கலாம். முடியாவிட்டால் வாடகை லோரியே வரட்டும்.

உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காருக்குப் பிரேக் எண்ணெய் மாற்றி எத்தனை வருடமாகிறது? இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறான் என் நண்பன். விருந்தாளி வருகிறார்கள் என்று காரைக் கழுவும்போது, அதையும் ஒரு நிமிடம் யோசியுங்கள்.