மரம் என்பதாலேயே நன்மை ஆகிவிடாது

எந்த மரமாயினும் மரம் நல்லது, மரமற்ற நிலம் வெற்று நிலம் என்னும் நம்பிக்கை பள்ளிப் பாடம் முதல் அரசு விழா மேடை வரை கேள்விக்கு அப்பாற்பட்ட உண்மையாக நிலைத்துவிட்டது. இந்நம்பிக்கை எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு நீலகிரியின் உயர்மலைப் பகுதியே சான்று. அங்கு இயற்கை இழந்தவற்றில் பெரும்பங்கு, கோடரி வெட்டியதால் போனதன்று. நாற்று நட்டதால் போனது.

நீலகிரி, பழனி, ஆனைமலை ஆகியவற்றின் உச்சிப் பரப்புகளில், மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் குட்டையான, அடர்ந்த பசுமைமாறாக் காடுகளும், அவற்றைச் சூழ்ந்த சரிவுகளில் பரந்த புல்வெளிகளும் அமைந்துள்ளன. காட்டுத் துண்டுகளைச் சோலை என்றும், இரண்டும் சேர்ந்த அமைப்பைச் சோலைப் புல்வெளி என்றும் வழங்குவர். இப்புல்வெளிகள் காட்டை அழித்ததால் உண்டானவை, ஆகவே மரம் நட்டு அவற்றைக் "காடாக மீட்க வேண்டும்" என்பாரும் உளர். இது வெறும் ஊகம். நீலகிரிச் சதுப்புகளின் மட்கிய தாவரப் படிவுகளில் உள்ள கரிம ஓரகத் தனிமங்களை, அதாவது எடையில் வேறுபடும் கரிம அணுக்களை, ஆராய்ந்து 1993இல் வெளியான ஆய்வு, ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல்வெளி பரந்திருந்ததை நிறுவியது. வரையாடு மேய்வதும், நீலகிரி நெட்டைக்காலி என்னும் பறவை கூடு கட்டுவதும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பதும் இப்புல்வெளியில்தான். நீலகிரிப் பழங்குடியினரான தோடர்கள் தம் கோயிலுக்குக் கூரை வேயும் புல்லும் இதன் சதுப்போரங்களிலேயே விளைகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விறகுக்காக ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டசையும், மலைமக்கள் சீகை என்றழைக்கும் வாட்டில் மரத்தையும் கொண்டுவந்தனர். விடுதலைக்குப் பின்னரும், தோல் பதனிடும் பட்டைக்காகவும் செயற்கை இழை ஆலைகளின் மரக்கூழுக்காகவும் வனத்துறையே புல்வெளிகளில் இவற்றை விரிவாக நட்டது. யூகலிப்டஸ் பெரும்பாலும் நட்ட இடத்தோடு நின்றது. சீகையோ நடாத இடங்களிலும் தானே பரவியது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடந்து, காட்டுத்தீயின் வெப்பம் பட்டதும் கூட்டமாக முளைக்கும். அவ்வாறு வளரும் மரங்களின் நிழலில் புல் மடியும். மனிதர் வேறிடத்திலிருந்து கொண்டுவந்து, தானே பெருகி, உள்ளூர் உயிர்களை அகற்றும் இத்தகைய இனத்தையே ஊடுருவும் அயலினம் என்பர். அயலானது அனைத்தும் இவ்வகைப்படாது. நீலகிரியின் தேயிலையும் உருளைக்கிழங்கும் அயல்நாட்டுப் பயிர்களே, ஆனால் அவை தாமாகப் பரவி மலையைக் கைப்பற்றுவதில்லை. பழனி மலையில் மட்டும், நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டங்களாகவும் விளைநிலங்களாகவும் மாறியதை 2018இல் வெளியான செயற்கைக்கோள் பட ஆய்வு காட்டிற்று.

மரம் மழையைத் தருகிறது, நீரைக் காக்கிறது என்னும் வாதம் இங்கே தலைகீழாகிறது. நீலகிரியின் கிளென்மார்கனில் அருகருகே உள்ள இரு நீர்ப்பிடிப்புப் பகுதிகளுள் ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றொன்றில் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் யூகலிப்டஸ் நட்டு, வடியும் நீரைப் பல்லாண்டுகள் அளந்தனர். நட்ட பகுதியின் நீர்வரத்து நட்டு வெட்டும் முதல் சுழற்சியில் சுமார் 16 விழுக்காடும் அடுத்ததில் சுமார் 25 விழுக்காடும் குறைந்தது. புல்வெளி மழைநீரை மண்ணில் தேக்கிக் கோடையிலும் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக விடுகிறது. விரைந்து வளரும் மரமோ அந்நீரை உறிஞ்சி இலை வழியே ஆவியாக்கிவிடுகிறது. பவானிக்கும் மோயாற்றுக்கும் ஊற்றுக்கண்ணான மலையில் இவ்விழப்பு சமவெளி உழவர்களையும் தொடும். புல்லைவிட மரமே கரிமத்தைச் சேமிக்கும் என்பாரும், புல்வெளியின் கரிமம் பெரும்பாலும் மண்ணுக்குள் தீக்கு எட்டாமல் இருப்பதையும், எரியும் சீகைத் தோப்பு தான் சேர்த்ததில் ஒரு பகுதியை ஒரே நாளில் காற்றில் விடுவதையும் எண்ணுவதில்லை.

அதற்காக இம்மரங்கள் அனைத்தையும் ஒரே மூச்சில் வெட்டியெறிதல் தீர்வாகாது. முதிர்ந்த சீகையின் நிழலில் சோலை மரக்கன்றுகள் சில இடங்களில் முளைத்து வருகின்றன. அங்கே அவசரமாக வெட்டினால் அக்கன்றுகளும் மடியும். புல்வெளியில் புதிதாக நுழையும் இளஞ்செடிகளை வேரோடு பிடுங்குவதும், அகற்றிய இடத்தில் உள்ளூர்ப் புல்லை நாற்றங்காலில் வளர்த்து நடுவதும், விதை ஓயும்வரை ஆண்டுதோறும் அவ்விடத்திற்குத் திரும்பிச் செல்வதுமே பயன்தரும். தமிழக அரசு 2022இல் ஊடுருவும் தாவரங்களுக்கெனக் கொள்கை வகுத்திருப்பது வரவேற்கத்தக்கது. எனினும் மரக்கன்று எண்ணிக்கையே சாதனையின் அளவுகோலாக நீடிக்கும்வரை அக்கொள்கை வலுப்பெறாது. உயர்மலைப் புல்வெளியில் மரம் நடுவதை, அது எந்த மரமாயினும், எவர் நட்டாலும், அரசு இன்றே தடை செய்ய வேண்டும்.