பூக்கடைக்கும் குரல் வேண்டும்



விமானத்தைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் ஆறாம் வகுப்புத் தம்பிகூட "ரைட் சகோதரர்கள்" என்று டக்கென்று சொல்லிவிடுவான். அந்தச் சகோதரர்களில் இளையவரான ஆர்வில் ரைட்டோடு ஒரே பள்ளியில், ஒன்றாகப் படித்த ஒரு கவிஞர் இருந்தார். அவர் பெயர் பால் லாரன்ஸ் டன்பர். கறுப்பினத்தைச் சேர்ந்தவர். 20 வயதில் தன் புத்தகத்தைத் தானே அச்சுப் போட்டு, தானே விற்றவர். அவரைப் பற்றி நம்மில் பல பேருக்குத் தெரியாது. அவர் கதையைச் சொல்லி, எனக்குத் தோன்றுவதையும் சொல்கிறேன்.

டன்பர் 1872-ல் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் பிறந்தார். அப்பா, அம்மா இருவரும் கென்டக்கியில் அடிமைகளாக இருந்தவர்கள். அம்மா மெடில்டா துணி துவைத்துப் பிள்ளையைக் காப்பாற்றினார். மகனுக்குப் படிப்பில் உதவ வேண்டும் என்பதற்காகவே அந்தத் தாய் வாசிக்கக் கற்றுக்கொண்டாராம்!

உயர்நிலைப் பள்ளியில் அவர் வகுப்பில் இருந்த ஒரே கறுப்பின மாணவர் டன்பர்தான். ஆனாலும் இலக்கிய மன்றத் தலைவர் அவர். பள்ளிப் பத்திரிகைக்கு ஆசிரியரும் அவர். 1890-ல் தன் மக்களுக்காக 'டேட்டன் டாட்லர்' என்று ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். அதை அச்சடித்துக் கொடுத்தது ரைட் சகோதரர்களின் அச்சகம். காசு இல்லாததால் சில இதழ்களோடு அது நின்றுபோனது.

1891-ல் பள்ளிப் படிப்பை முடித்தார். பத்திரிகை ஆபீசில் வேலை கேட்டார், வேறு அலுவலகங்களிலும் கேட்டார். நிறத்தைப் பார்த்தே கதவைச் சாத்தினார்கள். கடைசியில் கிடைத்தது ஒரு பெரிய கட்டடத்தில் லிப்ட் இயக்கும் வேலை. அந்தக் கால லிப்டை ஒரு ஆள் உள்ளேயே நின்று இயக்க வேண்டும். சம்பளம் வாரத்துக்கு 4 டாலர். ஆள் வராத நேரத்தில் அங்கேயே படிப்பார், எழுதுவார்.

1892-ல் எழுதிய கவிதைகளைப் புத்தகமாகப் போட ஆசைப்பட்டார். ரைட் சகோதரர்களிடம் புத்தகம் கட்டும் வசதி இல்லை. வேறொரு அச்சகத்தில் 125 டாலர் கேட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு காசுகூடச் செலவழிக்காமல் சேர்த்தாலும் 31 வாரத்துக்கு மேல் ஆகும்! அந்த அச்சகத்து மேலாளர் ஒருவர் "பணத்துக்கு நான் பொறுப்பு" என்று ஏற்றுக்கொண்டார். 'ஓக் அண்ட் ஐவி' என்ற புத்தகம் வெளிவந்தது. விலை ஒரு டாலர். லிப்டில் ஏறுகிறவர்களிடமே டன்பர் அதை விற்றார். சுமார் இரண்டு வாரத்தில் அச்சுக் கடன் அடைந்துவிட்டது.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன்.

"பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?" என்று ஒரு பழமொழி சொல்வார்கள். நல்ல எழுத்தாக இருந்தால் தானாகவே நாலு பேருக்குத் தெரியும், சொந்தக் காசில் புத்தகம் போடுவதும் நாமே கொண்டுபோய் விற்பதும் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்கிறேன், பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் அம்மா சும்மாவா உட்கார்ந்திருக்காங்க? "மல்லி, மல்லி" என்று தொண்டை வறளக் கூவுறாங்களே! பஸ்ஸுக்குள்ளே இருப்பவருக்கு வாசனை போவதற்கு முன்னாடி குரல்தான் போகிறது. கூவுவதால் பூ மட்டமாகிவிடுமா? டன்பர் லிப்டுக்குள் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அந்தக் கவிதைகள் அவர் நோட்டிலேயே வாடிப்போயிருக்கும். ஆகவே, எழுதுவது எவ்வளவு கௌரவமோ, எழுதியதை மக்களிடம் கொண்டுபோவதும் அவ்வளவு கௌரவம்.

"அவ்வளவு படிச்சும் லிப்ட் வேலைதானே கிடைச்சுது? அப்புறம் எதுக்குப் படிப்பு?" என்று சிலர் கேட்கலாம். பெண் பிள்ளைகளைப் பார்த்து இந்தக் கேள்வியை இன்னும் அதிகமாகவே கேட்கிறார்கள். இதற்கு இரண்டு பதில் இருக்கிறது.

ஒன்று, வேலை கொடுக்காதது படிப்பின் குற்றம் இல்லை. ஆர்வில் ரைட் பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை, ஆனால் அச்சகம் நடத்த முடிந்தது. டன்பர் முடித்தார், லிப்டில் நின்றார். நான் ஆர்விலைக் குறை சொல்லவில்லை, அவர் நண்பருக்கு உதவியவர். நிறத்தைப் பார்த்து ஆளை எடைபோட்ட அந்தச் சமுதாயத்தைத்தான் குறை சொல்கிறேன்.

இரண்டு, படிப்பு அவருக்குச் சம்பளம் தராவிட்டாலும் வேறு நிறையத் தந்தது. பள்ளிப் பத்திரிகையில்தான் பத்திரிகை நடத்தப் பழகினார். அச்சகம் வைத்திருந்த நண்பர் பள்ளியில்தான் கிடைத்தார். 1892 ஜூன் 27, அவருடைய 20-ஆவது பிறந்தநாளில், எழுத்தாளர் சங்கக் கூட்டத்தில் வரவேற்புக் கவிதை வாசிக்க ஏற்பாடு செய்தது அவருடைய பழைய ஆசிரியைதான். படிப்பு முடிந்து போன மாணவனையும் மறக்காமல் தேடிய அந்த ஆசிரியைக்கு ஒரு வணக்கம் போடலாம்!

இதிலிருந்து இன்னொன்றும் புரிகிறது. "தன் உழைப்பால் தானே முன்னேறினார்" என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். அது பாதி உண்மைதான். எழுத்துக் கற்றுக்கொண்ட அம்மா, பத்திரிகை அச்சடித்த நண்பர், மேடை கொடுத்த ஆசிரியை, பணத்துக்குப் பொறுப்பேற்ற மேலாளர், இத்தனை பேரும் சேர்ந்துதான் அந்தச் சின்னப் புத்தகம். திறமை ஒருவருடையது, அதற்குத் தோள் கொடுப்பது பல பேருடைய வேலை.

கடைசியாக ஒன்று. 'ஓக் அண்ட் ஐவி'யில் பெரும்பகுதி இலக்கிய ஆங்கிலக் கவிதைகள், சிறுபகுதி பேச்சு வழக்குக் கவிதைகள். எது எவ்வளவு வேண்டும் என்று தீர்மானித்தவர் அவரே. 1896-ல் வில்லியம் டீன் ஹோவெல்ஸ் என்ற பெரிய விமர்சகர் அவரைப் பாராட்டி எழுத, நாடெங்கும் புகழ் வந்தது. ஆனால் ஹோவெல்ஸ் அதிகமாகப் புகழ்ந்தது பேச்சு வழக்குக் கவிதைகளைத்தான். அதன் பிறகு எல்லோரும் அதையே கேட்டார்கள். மற்ற கவிதைகளை மதிக்கவில்லையே என்று டன்பர் கடைசிவரை வருந்தினார். புகழ் வந்த பிறகும் "கறுப்பர் என்றால் இப்படித்தான் எழுத வேண்டும்" என்று ஒரு கோடு போட்டார்கள். தன் புத்தகம் தன் கையில் இருந்தபோது அந்தக் கோடு இல்லை. சொந்தமாக வெளியிடுவதில் உள்ள பெரிய லாபம் இதுதான் என்று நான் நினைக்கிறேன், பணம் அதற்கு அடுத்ததுதான்.

1906-ல் காசநோயால் டன்பர் இறந்தபோது வயது 33. ஆனால் எழுத்து சாகவில்லை. மாயா ஏஞ்சலோ என்ற புகழ்பெற்ற கறுப்பின எழுத்தாளர் 1969-ல் வெளிவந்த தன் வாழ்க்கைக் கதைக்கு டன்பரின் கவிதை வரியிலிருந்துதான் தலைப்பு எடுத்தார்.

தோழிகளே! கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கவிதை எழுதி, யாரும் பார்க்காமல் மடித்து வைக்கிறவர்கள் நம் பள்ளியில் எத்தனை பேர்? இந்தச் சுவரில் ஒட்டுவது ஒரு மாதத்தில் கிழிந்துவிடும். என் யோசனை இது: இந்த வருடத்து நல்ல படைப்புகளைத் தொகுத்து, ஜெராக்ஸ் எடுத்து, தைத்து, ஒரு சின்னப் புத்தகமாக ஆண்டு விழாவில் நாமே விற்போம். விற்கிற காசில் முதலில் ஜெராக்ஸ் கடனை அடைப்போம். மிச்சம் இருந்தால் நூலகத்துக்குப் புத்தகம் வாங்குவோம். எழுதுவதும், படம் போடுவதும், தைப்பதும், கூவி விற்பதும் எங்கள் பொறுப்பு. முதல் செலவுக்குப் பொறுப்பேற்க ஆசிரியப் பெருமக்களில் யாராவது முன்வர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.



- 9-ஆம் வகுப்பு மாணவி